தெய்வநாயகம் வெளியே போக வேண்டும்

தெய்வநாயகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, காபி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்கார்ந்த நாற்காலியிலேயே இறந்துபோனார். அவரால் அடுக்ககத்தை விட்டு வெளியே போக முடியாது என்பது ஒன்பதரை மணிக்குத்தான் தெரிந்தது.

இதற்கு முழுக் காரணமும் தான்தான் என்று பெலிசிட்டா இன்றைக்கும் சொல்வாள். மற்ற வீட்டுக்காரர்களும் அதையே சொல்வார்கள். தாங்களும் கை தூக்கி ஓட்டுப் போட்டது மட்டும் அவர்களுக்கு ஞாபகம் வராது.

நன்மங்கலம் ஏரிப் பக்கமாக நின்றது அந்த அடுக்ககம். பெயர் ரோஸ்வுட் கார்டன்ஸ். அங்கே ரோஸ்வுட்டும் கிடையாது, கார்டனும் கிடையாது. பத்து மாடி, நாற்பத்தெட்டு வீடுகள், ஒரே ஒரு பெரிய கேட். நகரத்தில் கதவுகள் எல்லாம் ஆளைப் பார்த்துத் தாமாகத் திறக்கப் பழகிவிட்ட காலம் அது. கேட்டில் கேமரா இருந்தது, எடை பார்க்கும் தளம் இருந்தது. இவை எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க ஏழுமலை என்ற காவலாளியும் இருந்தார். அவர் பெரும்பாலும் உட்கார்ந்தே மேற்பார்வை பார்ப்பார்.

ஒருநாள் ஐந்தாவது மாடிப் பெரியவர் ஒருவரை அவருடைய இளைய மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பாதி மயக்கத்தில் இருந்தவரிடம் எங்கோ வைத்துச் சொத்துக்குக் கைநாட்டு வாங்கிவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். கேட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இது தெரிந்ததும் அடுக்ககமே கொதித்தது. அவசரப் பொதுக்குழு கூடியது. அசோசியேஷன் செயலாளர் தெய்வநாயகம் எழுந்து நின்றார். அறுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற சார்பதிவாளர். கையெழுத்து பெட்டிக்கு வெளியே கால் அங்குலம் நீண்டிருந்தாலும் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிப் பழகிய மனிதர்.

"ரூல் எழுதி வைக்கலாம். ஆனா யாரு கேப்பா? ஏழுமலை கேப்பாரா? அவரைப் பார்த்து நாலு பேரு சத்தம் போட்டா சல்யூட் அடிச்சுத் திறந்து விட்டுருவாரு" என்றார்.

ஏழுமலை பின்வரிசையில் நின்றபடி அதை ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் மூன்றாவது மாடி பெலிசிட்டா கையைத் தூக்கினாள். தூத்துக்குடிக்காரி, இருபத்தொன்பது வயது, பிளாக்செயின் கம்பெனி ஒன்றில் ஐந்து வருடமாக வேலை. அந்த ஐந்து வருடத்தில் அவள் ஒரு ஸ்மார்ட் காண்ட்ராக்டைக்கூடத் தன் கையால் நெட்வொர்க்கில் ஏற்றியதில்லை. துண்டு துண்டாக எழுதிக் கொடுப்பாள். ஏற்றும் பொத்தானை வேறு ஊரில் வேறு யாரோ அமுக்குவார்கள். கல்யாண வீட்டில் ஐந்து வருடம் வெங்காயம் மட்டும் உரித்தவளுக்கு ஒருநாளாவது கரண்டியைப் பிடிக்க ஆசை இருக்காதா?

"சார், ரூல நாம எழுதலாம். நடத்துறத மட்டும் மனுஷன் கையில குடுக்க வேண்டாம். ஸ்மார்ட் காண்ட்ராக்டுனு ஒண்ணு இருக்கு. இப்ப நீங்க ஒரு பத்திரம் எழுதுறீங்க. அதுல சொன்னபடி நடக்கலைனா கோர்ட்டுக்குப் போகணும்லா? இது அப்படி இல்ல. பத்திரமே தன்னைத்தானே நடத்திக்கும். சம்மதம் இருக்கா, கேட் திறக்கும். இல்லையா, திறக்காது. சத்தம் போட்டாலும் திறக்காது, சல்யூட் அடிச்சாலும் திறக்காது."

"அது எங்க இருக்கும்?" என்று கேட்டார் ஒன்பதாவது மாடி முரளிகிருஷ்ணன். எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி அவருடையதுதான்.

"எங்கயும் இருக்கும். உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல இருக்கும். ஒருத்தர் நினைச்சு அழிக்க முடியாது, திருத்த முடியாது."

"தப்பா எழுதிட்டா?"

"தப்பும் அப்படியே இருக்கும்" என்றாள் பெலிசிட்டா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தெய்வநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. மந்திரி வீட்டிலிருந்து போன் வந்தாலும் மசியாத சார்பதிவாளர் ஒருவரை இந்தப் பெண் கம்ப்யூட்டருக்குள் உட்கார வைக்கப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நான்கு மாதம் இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெலிசிட்டா ஏழாவது மாடிக்கு லேப்டாப்புடன் போவாள். தெய்வநாயகத்தின் மனைவி அமுதவல்லி அடையும் அவியலும் வைப்பார். பெலிசிட்டா தமிழில் சொல்லச் சொல்ல, தெய்வநாயகம் ஒவ்வொரு விதியிலும் ஓட்டை தேடுவார். பெருவிரல் வைத்தால் சம்மதம் என்று அவள் எழுதினால், "மயக்கத்துல இருக்கறவன் விரலைப் பிடிச்சு வெச்சா?" என்பார். உடனே பெருவிரலில் நாடித்துடிப்பும் விழிப்பும் தெரிய வேண்டும் என்று சேர்ப்பார்கள். முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போனால்? அடையாளம் தெரியாத ஆள் எனக் கேட் மறுக்கும். பெட்டிக்குள் அடைத்தால்? பெரிய சாமான் எதுவானாலும், எந்த வீட்டிலிருந்து கிளம்பியதோ அந்த வீட்டு உரிமையாளர் தன் பெருவிரலுக்கு மட்டும் திறக்கும் கைப்பேசிச் சாவியால் கையெழுத்திட வேண்டும். கேட்டையே உடைத்தால்? தண்ணீர் மோட்டாரும் லிப்டும் மூன்று நாள் நின்றுவிடும். அப்போதுதான் உடைக்கிறவனை மற்றவர்களே பிடிப்பார்கள் என்றார். மனித இயல்பை முப்பத்து மூன்று வருடம் கவுண்டருக்கு அந்தப்பக்கத்தில் பார்த்தவர்.

"ஆம்புலன்ஸ்?" என்று அவள்தான் கேட்டாள். ஆஸ்பத்திரி தன் சாவியால் உறுதி செய்தால் நோயாளிக்குச் சம்மதம் தேவையில்லை என்று சேர்த்தார்கள். தீ விபத்துக்கும் அப்படியே, தீயணைப்பு நிலையத்தின் கையெழுத்து. விதிகளை மாற்ற வேண்டுமானால் ஏழு நாள் அறிவிப்பு கொடுத்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக இருவரும் நம்பினார்கள்.

சோதனை நெட்வொர்க்கில் ஏற்றியபோது ஒரு பிரச்சினையும் வரவில்லை. அங்கே எல்லாமே பொம்மைக் காசு, பொம்மை ஆட்கள். பொம்மை நோயாளி பொம்மை ஆம்புலன்சில் போய் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடியட்டும் என்று பன்னிரண்டு மணி வரை காத்திருந்துவிட்டு, நிஜ நெட்வொர்க்கில் ஏற்ற உட்கார்ந்தார்கள். தெய்வநாயகம் லேப்டாப்பின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெலிசிட்டா சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டுமே தேவைப்பட்டன. நெட்வொர்க் கட்டணம் போதவில்லை என்று முதல் முறை திரும்பி வந்துவிட்டது. கொஞ்சம் கூட்டி வைத்து மறுபடி அமுக்கினாள். திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது.

"இப்ப இன்னா நடக்குது?" என்றார், பார்க்க வந்த ஏழுமலை.

"எல்லா நாட்டுலயும் இருக்குற கம்ப்யூட்டரும் இத வாசிச்சு, சரின்னு ஒத்துக்கணும்ணே."

"நம்ம கேட்டுக்கு அவங்க ஒத்துக்கணுமா?" என்று வியந்தார் ஏழுமலை.

சக்கரம் நின்றது. நாற்பத்திரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு முகவரி வந்தது. அதுதான் காண்ட்ராக்டின் நிரந்தர விலாசம். தெய்வநாயகம் அதை நோட்டில் மை பேனாவால் எழுதி மூன்று தடவை சரிபார்த்தார். பெலிசிட்டாவுக்கு யாரையாவது கட்டிப்பிடித்துக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கிடைத்தது தெய்வநாயகம்தான் என்பதால் கை குலுக்கிக்கொண்டாள்.

செலவைக் குறைக்கக் கேட்டின் குரலையும் அவளே பதிவு செய்து கொடுத்திருந்தாள். "வணக்கம். உங்கள் சம்மதம் பதிவானது. போய் வாருங்கள்." பதினோரு மாதம் அந்தக் குரல் தவறில்லாமல் பேசியது. ஐந்தாவது மாடிப் பெரியவரை அவர் மகன் மறுபடி ஒருமுறை கூட்டிப்போகப் பார்த்து, கேட் முன்னால் கால் மணி நேரம் கத்திவிட்டுத் திரும்பிப் போனான். அன்று தெய்வநாயகம் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் சிலர் வந்தார்கள். குழந்தைகள் இல்லாத வீடு. நன்மங்கலத்துக்குப் பக்கத்து மின்மயானத்தில் பன்னிரண்டு மணிக்கு நேரம் கிடைத்தது. அதை விட்டால் மறுநாள் சாயங்காலம்தான். வெளியே அமரர் ஊர்தி வந்து நின்றது. ஒன்பதரைக்கு அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து, மாலை போட்டு, கேட் வரைக்கும் தூக்கி வந்தார்கள்.

கேமரா அவரைப் பார்த்தது.

"வணக்கம், தெய்வநாயகம் அவர்களே" என்றது பெலிசிட்டாவின் குரல். "உங்கள் சம்மதம் கிடைக்கவில்லை. பெருவிரலை வைக்கவும்."

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் அவருடைய விரலை எடுத்து வைத்தே பார்த்துவிட்டார்.

"நாடித்துடிப்பு தெரியவில்லை. சற்று ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் முயலவும்."

கூட்டம் மெல்லத் திரும்பிப் பெலிசிட்டாவைப் பார்த்தது.

"ஆம்புலன்ச யோசிச்சோம்" என்றாள். "நோயாளிய யோசிச்சோம். சாவை யோசிக்கல."

"நாலு மாசம் உட்கார்ந்து எழுதினீங்களே" என்றார் முரளிகிருஷ்ணன்.

முகத்தைத் துணியால் மூடிப் பார்த்தார்கள். அடையாளம் தெரியாத நபர் என்றது கேட். வேறொருவருக்குத் திறக்கும்போது கூடவே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள்; எடைத் தளம் கூடுதல் எடையைக் கண்டுபிடித்துக் கேட்டை மூடிவிட்டது. ப்ரீசர் பெட்டியில் வைத்துச் சாமானாகக் கொண்டு போகலாம் என்று ஒருவர் சொன்னார். வீட்டு உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உரிமையாளர் பெட்டிக்குள் இருக்கிறார்.

அமுதவல்லி முன்னால் வந்தார். "என் போன்லயும் சாவி இருக்கே, பெலி. நான் கையெழுத்துப் போடறேன்."

பெலிசிட்டா அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்க சாவி உரிமையாளர் சாவி இல்ல. சார்ந்தவர்னு பதிவாயிருக்கு. நீங்க வரலாம், போகலாம். வீட்டு விஷயத்துல கையெழுத்து செல்லாது."

"சார்ந்தவர்னா?"

"டிபெண்டன்ட். பத்திரம் சார் பேருல மட்டும்தான இருக்கு. அதான்."

அமுதவல்லி கணவரைக் குனிந்து பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றார். அது அவருக்குச் சொன்னதா பெலிசிட்டாவுக்குச் சொன்னதா என்று யாருக்கும் தெரியவில்லை. "சரி, இப்ப சாவிய என் பேருக்கு மாத்த என்ன வேணும்?"

"இறப்புச் சான்றிதழ்."

"அதுக்கு?"

"மயானத்து ரசீது" என்றாள் பெலிசிட்டா. ரசீதுக்கு அவர் மயானம் போக வேண்டும். மயானம் போக அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பெலிசிட்டா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். உயிரோடு இருப்பதாகப் பொய்க் கையெழுத்துப் போட முடியாது என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில் பேசியவர் பொறுமையாகக் கேட்டார். தீயே இல்லாமல் தீ என்று எழுத மாட்டோம், ஆனால் இப்படி ஒரு சிக்கலை இதுவரை கேள்விப்பட்டதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணைப் புடிச்சி நிறுத்த முடியாதா மேடம்?" என்று ஏழுமலை கேட்டார்.

"ஒண்ண நிறுத்தினா மத்தது ஓடும்ணே. ஐஸ்லாந்துல ஒண்ணு இருக்கு, பிரேசில்ல ஒண்ணு இருக்கு."

"அவங்களுக்கும் சாவு வருமே. தெரியாதா அவங்களுக்கு?"

ஏழுமலை பெருமூச்சு விட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்து வந்தார். "தள்ளுங்க. ரெண்டு போடு போட்டா தெறந்துக்கும்."

அடுத்து நடந்ததுதான் பெலிசிட்டாவுக்கு இன்றுவரை மறக்கவில்லை. அதுவரை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அமைதியானது. முரளிகிருஷ்ணன் ஏழுமலையின் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம். கேட்டை ஒடச்சா மூணு நாள் தண்ணி கெடையாது. லிப்ட் கெடையாது. பத்தாவது மாடில கர்ப்பிணி இருக்காங்க. என் பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை. உணர்ச்சிவசப்படாம யோசிக்கணும்."

"லாரித் தண்ணி வாங்கிக்கலாமே" என்றாள் பெலிசிட்டா.

"லாரி உள்ள வந்தாலும் தொட்டில இருந்து மேல ஏத்த மோட்டார் வேணும்ல? எழுதினதே நீங்கதானே?" பிறகு அவர் குரலை மென்மையாக்கினார். "சாரே இருந்திருந்தாலும் ஒத்துக்க மாட்டாரு. ரூல்னா ரூல்னு சொல்ற மனுஷன். அவர் ஆத்மா சாந்தியடையணும்னா..."

தலைகள் ஆடின. சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழு நாள் அறிவிப்பை இன்றைக்கே கொடுத்துவிடலாம், ப்ரீசர் பெட்டிக்கு அசோசியேஷனே வாடகை கொடுக்கும் என்று ஒருவர் பெருந்தன்மையாகச் சொன்னார். பின்பக்கச் சுவர் மேலாகத் தூக்கி இறக்கலாம் என்றார் இன்னொருவர். பன்னிரண்டடிச் சுவர்.

"சுவரேறிக் குதிச்சுப் போறதுக்கு அவரு என்ன திருடனா?" என்றார் அமுதவல்லி. கத்தவில்லை. "இந்தக் கேட்டுக்கு அவரு நாலு மாசம் உழைச்சாரு. வாசல் வழியாத்தான் போவாரு."

அவர் அங்கேயே, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி பத்தேகால்.

பெலிசிட்டா லேப்டாப்பை எடுத்து வந்து காவலாளி அறையில் உட்கார்ந்தாள். தான் எழுதியதையே முதல் வரியிலிருந்து படித்தாள். அழகாகத்தான் இருந்தது. ஓட்டையே இல்லை. ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்துவிட்டு அவர் எப்படிச் சிரிப்பார் என்பது நினைவுக்கு வந்தது. கண் மங்கியது. துடைத்துக்கொண்டு படித்தாள்.

வெளியே ஹாரன் கேட்டது. குப்பை வண்டி. காஞ்சனா என்ற பெண் ஓட்டும் பச்சை நிற பேட்டரி வண்டி, தினமும் பத்தரைக்கு வரும். கேட் அதற்குத் திறந்து மூடியது. கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் காஞ்சனா வண்டியை ஓரமாக நிறுத்தித் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்தாள்.

அந்த ஹாரனிலேயே பெலிசிட்டாவின் விரல் நின்றுவிட்டது. குப்பைக்கான விதி கடைசிப் பக்கத்தில் இருந்தது. மொத்தம் ஆறே வரி. குப்பை வெளியே போக யாருடைய சம்மதமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். வீட்டு எண், எடை, மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று சொன்னால் போதும். கேமராவும் அதற்குள் பார்க்காது. குப்பையைப் பார்ப்பது தனிமனித உரிமை மீறல் என்று பொதுக்குழுவில் சண்டை போட்டு அந்த வரியைச் சேர்க்க வைத்தவர் முரளிகிருஷ்ணன். அவர் வீட்டுக் குப்பையில் எத்தனை பாட்டில் போகும் என்பது ஏழுமலைக்குத் தெரியும்.

ஒரு வழி இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவள் அமுதவல்லியின் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மெதுவான குரலில், எதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் நிமிரவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தாள்.

அமுதவல்லி கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"வாசல் வழியாத்தானே போகும்?" என்று கேட்டார்.

"ஆமா, ஆன்ட்டி."

"பன்னெண்டுக்குள்ள?"

"ஆமா."

"காஞ்சனாவைக் கேளு. அது அவ வண்டி."

காஞ்சனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். சுற்றி நின்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "சார ஏத்தறதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. தெனம் தண்ணி வேணுமான்னு கேட்ட மனுசன். ஆனா இவங்கல்லாம் இருக்காங்களே, நான் லிப்ட்ல ஏறினா எறங்கிப் போறவங்க. வண்டிக்குப் பின்னால எல்லாரும் நடந்து வரணும். ரோடு வரைக்கும். ஒருத்தரும் மூக்கப் பொத்தக் கூடாது."

யாரும் மறுக்கவில்லை. மூன்று நாள் தண்ணீரைவிட அது மலிவு.

காஞ்சனா இருந்த குப்பையை இறக்கி ஓரமாக வைத்தாள். ஏழுமலை குழாயைப் பிடித்தார். இருவருமாக வண்டியை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அமுதவல்லி மேலே போய், கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியை எடுத்து வந்து உள்ளே விரித்தார். தெய்வநாயகத்தை அதன்மேல் கிடத்தினார்கள். வண்டி எடைத் தளத்தில் ஏறி நின்றது. பெலிசிட்டா கேட்டுத் தூணிலிருந்த திரையில் வீட்டு எண்ணைத் தட்டினாள். ஏழு பி. வண்டியின் எடை போக மீதி எடை தானாக விழுந்தது. அறுபத்தெட்டு கிலோ.

அடுத்த கேள்வி வந்தது. இரண்டு பொத்தான்கள் இருந்தன. பச்சை, நீலம். அவளால் தொட முடியவில்லை.

அமுதவல்லி எட்டிப் பார்த்தார். "என்னவாம்?"

"மக்குமா மக்காதான்னு கேக்குது, ஆன்ட்டி."

"மக்கும்னே போடும்மா" என்றார் அமுதவல்லி. "அவரு ஒண்ணும் பிளாஸ்டிக் இல்ல."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. காஞ்சனாவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு அமுதவல்லி சிரித்தார், சிரித்துக்கொண்டே அன்றைக்கு முதல் முறையாக அழுதார். பெலிசிட்டா பச்சையைத் தொட்டாள்.

"நன்றி" என்றது அவளுடைய குரல். "போய் வாருங்கள்."

கேட் அகலத் திறந்தது. வண்டி நகர்ந்தது. பின்னால் அமுதவல்லியும் பெலிசிட்டாவும் நடந்தார்கள். பெண்கள் வரக் கூடாது என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் அடுக்ககம் நடந்தது. முரளிகிருஷ்ணன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு நன்றாகத் தெரியும்படி நடந்தார். ரோட்டில் அமரர் ஊர்திக்கு மாற்றினார்கள். மயானத்தில் இடம் போய்விடவில்லை. ரசீதும் கிடைத்தது.

அன்றைக்கே ஏழு நாள் அறிவிப்பு போனது. இறப்புக்கு ஒரு விதி, இணைந்து வாழும் கணவன் மனைவி இருவருக்கும் உரிமையாளர் சாவி. நாற்பத்தாறு ஓட்டு விழுந்தது. புதிய காண்ட்ராக்டை எழுதும்போது பெலிசிட்டா லேப்டாப்பைக் காவலாளி அறைக்கே கொண்டு வந்துவிட்டாள். அமுதவல்லி, ஏழுமலை, காஞ்சனா மூவரையும் உட்கார வைத்து ஒவ்வொரு விதியையும் வாசித்துக் காட்டி, "இதுல யாரு மாட்டிக்குவா?" என்று கேட்டாள். காஞ்சனா மட்டும் பதினொரு பேரைச் சொன்னாள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வருகிறவள். ஏற்றும் நாளில் சந்தனம், குங்குமம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பொத்தானை அமுக்குவதற்குமுன் பெலிசிட்டா அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சாவி அமுதவல்லியின் பெயருக்கு மாறியது. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தபோது ஒன்றாம் தேதி வந்தது.

காலையில் ஏழுமலை மூச்சிரைக்க மூன்றாவது மாடிக்கு ஓடி வந்தார். பெலிசிட்டா கீழே இறங்கிப் போனாள். லிப்டுக்கு எதிரே சுவரில் இருந்த பெரிய திரையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். குப்பையைப் பிரித்துப் போடும் வீட்டை மாதம் ஒருமுறை காண்ட்ராக்டே கணக்கிட்டு அறிவிக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை எடையும் அதில் சேரும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பழைய காண்ட்ராக்டின் பதிவுகளைப் புதியது அப்படியே சுமந்து வந்திருந்தது. திரையில் பச்சை இலைகள் அசைந்தன. நடுவே கொட்டை எழுத்து.

இம்மாதத்தின் சிறந்த இல்லம்: ஏழு பி, திரு. தெய்வநாயகம். மக்கும் குப்பை, ஒரே நாளில் 68 கிலோ. தரம்: கலப்படம் அற்றது.

மாதம் முழுக்க அது ஓடும். நிறுத்த வழியில்லை. பெலிசிட்டா மேஜை விரிப்பு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து நாற்காலி மேல் ஏறினாள். திரையை மூடிவிட வேண்டும், அமுதவல்லி பார்ப்பதற்குள்.

லிப்ட் திறந்தது. அமுதவல்லி பால் பாக்கெட் வாங்கப் பையோடு வெளியே வந்தார். எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, எழுத்துக்கூட்டுவது போலப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"ஆன்ட்டி, இத நான் மூடிருதேன்" என்றாள் பெலிசிட்டா.

"வேணாம், இறங்கு. விழுந்துடப் போற."

"ஆன்ட்டி..."

"முப்பத்து மூணு வருஷம் பதிவு ஆபீசுல இருந்தாரு. ஒத்த ரூபா கைநீட்டி வாங்கினதில்ல. அதுக்காகவே பதினாலு தடவை ஊர் மாத்தினாங்க, ரிட்டயர் ஆகறப்ப ஒரு சால்வைகூடப் போடல" என்றார் அமுதவல்லி. திரையின் கடைசி வரியை விரலால் காட்டினார். "இதை எழுத்துல போட ஒருத்தருக்கும் மனசு வரல. இது போட்டிருக்கு. இருக்கட்டும்."

பையை உதறி மடக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.